அடிஸ் அபாபாவில் முதல் மாலை: தோல் வட்டாரப் பயணிகளின் அனுபவம் கற்பிப்பவை

வேலூர், இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றுப் படுகையை ஒட்டி நீளும் தோல் வட்டாரத்தில், வெளிநாட்டுப் பயணம் தொழிலின் ஓர் உறுப்பாகவே இருந்துவருகிறது. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டு, ஈஸ்ட் இந்தியா தோல் என்ற பெயரிலும் ‘ஈ.ஐ.’ என்ற சுருக்கப் பெயரிலும் விற்கப்பட்ட சரக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தையை அடைந்துகொண்டிருந்தது. அக்காலத்தில் பெரும்பாலும் தோல் மட்டுமே கடல் கடந்தது. இன்று தோலோடு ஆட்களும் கடக்கிறார்கள். மாதிரிப் பெட்டியுடன் மிலான் கண்காட்சிக்குச் செல்லும் ஏற்றுமதியாளர், தூர நாட்டு டேனரியில் டிரம் இயக்கத்தைச் சீரமைக்கச் செல்லும் தொழில்நுட்பர், புதிய காலணித் தொழிற்சாலையில் தையல் வரிசையைப் பயிற்றுவிக்கச் செல்லும் மேற்பார்வைப் பெண் எனப் பலதரப்பட்டோர் ஆண்டுதோறும் இப்பகுதியிலிருந்து கிளம்புகின்றனர்.

இவர்கள் சென்றடையும் தலைநகரங்களுள் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா தனித்துக் கருதத்தக்கது. ஆப்பிரிக்காவிலேயே மிகுதியான கால்நடைச் செல்வம் உடைய நாடு எத்தியோப்பியா. அதன் மேட்டுநில ஆட்டுத்தோல் கையுறை செய்வோரிடமும், பாட்டி வட்டாரத்து வெள்ளாட்டுத்தோல் மெல்லிய ஸ்வேட் தோல் செய்வோரிடமும் உலக அளவில் நற்பெயர் பெற்றவை. தலைநகருக்குத் தென்கிழக்கே உள்ள மோஜோ நகரம் டேனரிகளுக்குப் பெயர்போனது. 1948-இல் சென்னை அடையாறில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2010களில் எத்தியோப்பியத் தோல் தொழில் மேம்பாட்டு நிறுவனத்துடன் இணைந்து பயிற்சியும் ஆலோசனையும் வழங்கியதால், சென்னையில் கற்ற முறைகளை அங்குள்ள டேனரிகளிலும் காணலாம். 2008-இல் எத்தியோப்பிய அரசு பதனிடாத தோலின் மீதும் அரைப்பதத் தோலின் மீதும் 150 விழுக்காடு ஏற்றுமதி வரி விதித்தது. இந்திய அரசு 1972-இன் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாக முடித்த தோலுக்கும் காலணிக்கும் தொழிலைத் திருப்பிய வரலாற்றை அறிந்த ஆம்பூர்க்காரருக்கு இக்கொள்கையின் நோக்கத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை.

தொழில் இவ்வளவு பரிச்சயமானதாக இருப்பதே முதல் மாலையின் இடறலுக்கும் காரணமாகிறது. டிரம்மும் சுண்ணாம்புத் தொட்டியும், வெட்ப்ளூ எனப்படும் குரோமியத்தில் பதனிட்ட ஈரத்தோல் அடுக்கும் ஊரில் இருப்பதைப் போலவே இருக்கும் என்ற நம்பிக்கையில், நகரமும் அவ்வாறே இருக்கும் என்று பயணி எண்ணிவிடுகிறார். ஆனால் அந்நகரில் மணி வேறு, ஆண்டு வேறு, காற்றின் அடர்த்தி வேறு, பெயரிட்டு அழைக்கும் முறை வேறு. உப்பிட்டு உலர்ந்த தோலை ஊறல் போடாமல் சுண்ணாம்பில் இறக்கினால் அடுத்த எந்தப் பதமும் சரியாக ஏறாது என்பதை அறிந்த தொழிலாளர், தம்மையும் ஒரு மாலைப்பொழுது அந்நகரில் ஊறவிட வேண்டும் என்பதே சென்று திரும்பியோரின் அனுபவத்திலிருந்து பெறப்படும் முதன்மைப் பாடம். முதல் மாலை வணிகத்துக்குரிய நேரமன்று. உடலையும் கடிகாரத்தையும் பணத்தையும் சொல்லையும் புதிய இடத்தோடு பொருத்திக்கொள்வதற்கு உரிய நேரம் அது.

புறப்படும் முன்பே தொடங்கும் மாலை

முதல் மாலையின் அமைதி ஊரிலேயே தீர்மானிக்கப்படுகிறது. எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகளின் பட்டியலில் உள்ளது. ஆகவே அங்கிருந்து இந்தியா திரும்பும் பயணி, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் வந்தால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தப்படலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பின்னரே சான்று செல்லுபடியாகும் என்பதால், டிக்கெட் கையில் வந்த பிறகு ஊசியை நினைப்பது காலங்கடந்த செயலாகிவிடும். சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையம் போன்ற அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டுமே இவ்வூசியும் சான்றும் பெற முடியும்; ஒருமுறை போட்டால் அது வாழ்நாள் முழுவதற்கும் ஏற்கப்படுகிறது. மஞ்சள் நிறச் சான்றுப் புத்தகத்தைக் கடவுச்சீட்டுடன் சேர்த்தே வைத்திருப்பது நன்று.

விசாவைப் பொறுத்தவரை, கண்காட்சி பார்க்கச் செல்வது, வாங்குவோர் விற்போரைச் சந்திக்கச் செல்வது, டேனரியில் சம்பளத்துக்கு வேலை பார்க்கச் செல்வது ஆகிய மூன்றும் மூன்று வேறு நோக்கங்கள் என்பதைப் பயணி தெளிவாக உணர வேண்டும். சுற்றுலா விசாவில் சென்று வேலை செய்வது, பிடிபட்டால் பயணியையும், அழைத்த நிறுவனத்தையும் ஒருசேரச் சிக்கலில் தள்ளும். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. ஆதலால் முன்பு சென்றுவந்தவரின் நினைவை நம்பாமல், எத்தியோப்பிய அரசின் மின்விசாத் தளத்தையோ தூதரகத்தையோ நேரடியாக அணுகுவதே பாதுகாப்பானது. அழைப்புக் கடிதம், தங்குமிட முன்பதிவு, திரும்பும் டிக்கெட் ஆகியவற்றைத் தாளில் அச்சிட்டு எடுத்துச் செல்ல வேண்டும். குடியேற்ற மேசையின் முன் கைப்பேசியின் மின்கலம் தீர்ந்துபோனால் தாள் ஒன்றே துணை நிற்கும்.

பெட்டியில் வைக்கும் தோல் மாதிரிகளையும் இங்கேயே தரம் பிரித்துக்கொள்ள வேண்டும். முழுமையாக முடித்த தோலின் சிறு துண்டுகளை விற்பனை மதிப்பில்லாத மாதிரி எனக் குறித்துப் பட்டியலிட்டு எடுத்துச் செல்லலாம். பதனிடாத தோல் நோய்க்கிருமிகளைச் சுமக்கக்கூடியது. அதன் இறக்குமதி இந்தியாவில் கால்நடைத் தனிமைக்காப்பு விதிகளுக்கு உட்பட்டது. எனவே திரும்பும்போது நண்பர் அன்போடு தரும் பச்சைத்தோல் துண்டையும் மறுத்துவிடுவதே முறை. இந்தியச் செருகிகள் அங்குள்ள மின்துளைகளில் பொருந்தாமல் போகலாம் என்பதால், ஐரோப்பிய வகை உருண்டை முனைச் செருகிக்கான இணைப்பி ஒன்றும், மின்வெட்டுக்கெனச் சிறு விளக்கு ஒன்றும் கைப்பையில் இருத்தல் நலம்.

உயரமும் உடலும்

அடிஸ் அபாபா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,350 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அதாவது ஊட்டியைவிடச் சற்றே உயர்ந்தது. ஆம்பூரோ ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டிக்கு மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறுபவரின் உடல் உயர மாற்றத்தைப் படிப்படியாக உணர்கிறது. விமானத்தில் செல்பவரோ கதவு திறந்தவுடன் அவ்வுயரத்தில் நிற்கிறார். காற்றில் உயிர்வளியின் அழுத்தம் குறைவாக இருப்பதால், இரண்டு மாடி ஏறியதும் மூச்சு வாங்குவதும், இலேசான தலைவலியும், உறக்கம் அடிக்கடி கலைவதும் பலருக்கும் நேரும். இவை அச்சத்துக்குரியவை அல்ல, பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள் மட்டும் கிளம்பும் முன்பே மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும்.

இதனால் முதல் மாலை செய்யத்தக்கவை எளியவை. பெட்டியைத் தாமே மாடிக்குத் தூக்கிச் செல்லாமல் விடுதிப் பணியாளரிடம் ஒப்படைத்தல், தண்ணீர் நிறையக் குடித்தல், வயிறு புடைக்க உண்ணாதிருத்தல், மெதுவாக நடத்தல் ஆகியவை போதும். வேலூர் வெயிலில் பழகிய உடலுக்கு அந்நகரின் மாலைக் குளிர் எதிர்பாராத ஒன்றாக அமையும். ஆப்பிரிக்கா என்ற பெயரைக் கேட்டதும் வெப்பத்தை எண்ணி மெல்லிய சட்டைகளை மட்டும் அடுக்கிச் செல்வோர் முதல் இரவிலேயே நடுங்குகின்றனர். ஜூன் முதல் செப்டம்பர் வரை நீளும் பெருமழைக் காலத்தில் கம்பளிச் சட்டையுடன் குடையும் தேவைப்படும். கொசுவால் பரவும் மலேரியாவின் ஆபத்து தலைநகரில் உயரத்தின் காரணமாக மிகக் குறைவு என்றாலும், தாழ்வான பகுதிகளில் உள்ள டேனரிகளுக்குச் செல்பவர் அதற்கான தற்காப்பை மருத்துவரிடம் கேட்டறிந்திருக்க வேண்டும்.

மணியும் நாளும்

முதல் மாலையில் ஏற்படக்கூடிய தவறுகளுள் தொழிலுக்கு மிகுந்த இழப்பைத் தரக்கூடியது மணியைத் தவறாகப் புரிந்துகொள்வது. எத்தியோப்பியாவில் மக்கள் வழங்கும் நேரக் கணக்கு நள்ளிரவில் தொடங்குவதில்லை, விடியலில் தொடங்குகிறது. நமது காலை ஏழு மணி அவர்களுக்குப் பகல் ஒரு மணி. நமது காலை ஒன்பது மணி அவர்களுக்கு மூன்று மணி. நமது மாலை ஏழு மணி அவர்களுக்கு இரவு ஒரு மணி. கதிரவன் எழுவதிலிருந்து நாழிகையை எண்ணிய தமிழர் மரபை அறிந்தவருக்கு இம்முறை விந்தையாகத் தோன்றாது. ஆனால் அறிந்திருத்தல் வேறு, பேச்சில் கேட்டவுடன் மாற்றிக் கணக்கிடுதல் வேறு. “நாளை மூன்று மணிக்கு டேனரியில் சந்திப்போம்” என்று ஒருவர் சொன்னால், பிற்பகல் மூன்று மணிக்குச் சென்று நிற்கும் பயணி, காலை ஒன்பது மணிக்கே காத்திருந்து அலுத்துப்போனவரின் நல்லெண்ணத்தை இழந்துவிடுவார்.

இதற்குத் தீர்வு எளிது. எந்த நேரம் குறிக்கப்பட்டாலும், அது எத்தியோப்பிய மணியா வெளிநாட்டு மணியா என்று உடனே கேட்க வேண்டும்; அத்துடன் காலையா மாலையா என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்ல வேண்டும். இக்கேள்வியை அங்குள்ளோர் அவமதிப்பாகக் கொள்வதில்லை. அன்றாடம் கேட்டுப் பழகிய ஒன்றாகவே கருதுகின்றனர். விமானச் சீட்டுகளும் பன்னாட்டு நிறுவனங்களின் அழைப்புகளும் பொதுவாக உலக வழக்கு மணியில் இருக்கும். ஓட்டுநர், கடைக்காரர், டேனரிக் காவலர் ஆகியோரின் பேச்சில் உள்ளூர் மணி வரும்.

நாட்காட்டியும் இவ்வாறே வேறுபடுகிறது. எத்தியோப்பிய ஆண்டில் முப்பது நாள் கொண்ட பன்னிரண்டு மாதங்களும், பகுமே எனப்படும் ஐந்து அல்லது ஆறு நாள் கொண்ட பதின்மூன்றாம் மாதமும் உள்ளன; ஆண்டுக் கணக்கு நமது வழக்கைவிட ஏழு அல்லது எட்டு ஆண்டு பின்தங்கியது. 2025 செப்டம்பர் 11 அன்றுதான் அங்கு 2018-ஆம் ஆண்டு பிறந்தது. உள்ளூர் ரசீதிலோ தோல் வரவுச் சீட்டிலோ காணப்படும் தேதியைப் பழைய சரக்கின் தேதி எனப் பயணி தவறாக எண்ணக்கூடும். முதல் மாலையில் தம் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இரு நாட்காட்டிகளின் அன்றைய தேதியையும் அருகருகே எழுதிவைப்பவருக்கு, பின்னர் ஒப்பந்தத்திலும் கப்பல் ஆவணத்திலும் எந்த நாட்காட்டி என்று குறிப்பிடச் சொல்லும் பழக்கம் தானே வந்துவிடும். எத்தியோப்பியா கடற்கரை இல்லாத நாடு. அதன் சரக்கு பெரும்பாலும் ஜிபூட்டித் துறைமுகம் வழியாகவே வெளியேற வேண்டியிருப்பதால், ஒரு தேதித் தவறு தரைவழியிலும் துறைமுகத்திலும் தாமதமாகப் பெருகும்.

பணம், தொலைபேசி, வண்டி

எத்தியோப்பிய நாணயம் பிர். இந்திய ரூபாயை அங்கு மாற்றுவதை நம்பியிருக்க இயலாது. மடிப்போ கிழிசலோ இல்லாத டாலர் தாள்களைக் கொண்டு செல்வதே நடைமுறை. விமான நிலையத்தில் உள்ள வங்கி முகப்பில் அன்றிரவுக்கும் மறுநாளுக்கும் தேவையான சிறு தொகையை மட்டும் மாற்றி, ரசீதைப் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும். 2024 ஜூலை இறுதியில் எத்தியோப்பிய அரசு நாணய மாற்று விகிதத்தைச் சந்தைக்குத் திறந்துவிட்டதைத் தொடர்ந்து பிரின் மதிப்பு பெரிதும் சரிந்தது. ஆகவே அதற்கு முன் சென்றுவந்தவர் சொல்லும் விலைகளைக் கொண்டு இன்றைய செலவைக் கணக்கிடுவது பிழையாகும். தெருவில் அணுகிக் கூடுதல் விலை தருவதாகச் சொல்பவரிடம் பணம் மாற்றுவது சட்ட மீறல் என்பதோடு, கள்ள நோட்டுக்கும் வழிகோலும். மேலும் 2020-இல் அந்நாடு பழைய தாள்களைச் செல்லாதவையாக்கிப் புதிய தாள்களை வெளியிட்டது. உறவினர் முந்தைய பயணத்திலிருந்து மீதம் வைத்திருந்து கொடுத்தனுப்பும் பழைய நூறு பிர் தாள், 2016-இல் செல்லாமற்போன நமது ஐந்நூறு ரூபாய்த் தாளைப் போலவே, வாங்குவாரின்றித் திரும்பும்.

கைப்பேசி இணைப்பைக் கடவுச்சீட்டைக் காட்டிப் பதிவுசெய்து பெறலாம். இணைப்பு கிடைத்தவுடன் முதல் அழைப்பு வீட்டுக்கே செல்ல வேண்டும். அந்நகரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது என்பதால், அங்கு இரவு எட்டு மணியாகும்போது ஆம்பூரில் பத்தரை ஆகியிருக்கும். “அறைக்குப் போய்ச் சாவகாசமாகப் பேசலாம்” எனத் தள்ளிப்போடும் மகனுக்காக அம்மா உறங்காமல் காத்திருக்க நேரும்.

நிலையத்திலிருந்து விடுதிக்குச் செல்வதற்கு, விடுதியின் வண்டியை முன்கூட்டியே கேட்டுப் பெறுவதே முதல் முறை செல்பவருக்கு உகந்தது. எவ்விடத்தில் காத்திருப்பார்கள் என்பதையும் முன்பே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நீலமும் வெள்ளையும் பூசிய சிறு வேன்கள் குறிப்பிட்ட தடங்களில் ஓடுகின்றன. மலிவானவை என்றாலும், பெட்டியோடும் களைப்போடும் இருட்டும் வேளையில் ஏறுவதற்கு அவை ஏற்றவை அல்ல. கைப்பேசிச் செயலி வழியே வரும் வாடகை வண்டிகளும் உண்டு. தெருப்பெயரும் கதவு எண்ணும் கொண்டு முகவரி சொல்லும் வழக்கம் அந்நகரில் குறைவு. போலே மெதானே ஆலம் தேவாலயம், மெஸ்கெல் சதுக்கம், பியாசா என அறியப்பட்ட இடங்களை வைத்தே வழி சொல்லப்படுகிறது. ஆகவே விடுதியின் பெயரையும், அதன் அருகிலுள்ள பெரிய அடையாளத்தையும், அம்ஹாரிக் எழுத்தில் ஒரு தாளில் விடுதிக்காரரைக் கொண்டே எழுதி வாங்கி, வெளியே செல்லும்போதெல்லாம் உடன் வைத்திருப்பது எந்த வரைபடத்தையும் விடப் பயன் தரும்.

இருட்டிய பின் தெருவில் கைப்பேசியை நீட்டிப் பிடித்து நடப்பதையும், மெர்காட்டோ எனப்படும் பெருஞ்சந்தைக்கு முதல் மாலையே செல்வதையும் தவிர்க்க வேண்டும். ஆப்பிரிக்காவின் மிகப்பெரிய திறந்தவெளிச் சந்தைகளுள் ஒன்றான அது, தோல் வணிகர் கட்டாயம் காணவேண்டிய இடமே. ஆயினும் பகலில், உள்ளூர் நண்பர் ஒருவருடன் சென்றால்தான் சந்தையையும் காணலாம், பணப்பையும் பத்திரமாக இருக்கும். அரசுக் கட்டடங்கள், அரண்மனைகள், படையினர் ஆகியோரைப் படமெடுப்பது தொல்லைக்கு இடமளிக்கும்.

பெயரும் வணக்கமும்

எத்தியோப்பியருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தம் பெயரை அடுத்துத் தந்தையின் பெயரைச் சேர்த்துக்கொள்கின்றனர். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் தமிழர் இம்முறையை உடனே உணர்ந்துகொள்வர். எனவே முகவரி அட்டையில் இரண்டாவதாக உள்ள பெயரைச் சொல்லி அழைப்பது, எதிரில் உள்ளவரை விட்டு அவருடைய தந்தையை அழைப்பதாகிவிடும். ஆண்களை ‘அத்தோ’ என்றும், மணமான பெண்களை ‘வெய்சரோ’ என்றும் முன்னொட்டு வைத்து, அவரவருடைய சொந்தப் பெயரால் அழைப்பதே மரியாதை. ‘செலாம்’ என்ற வணக்கமும், ‘அமசெக்னாலெஹு’ என்ற நன்றிச் சொல்லும், ‘இஷி’ என்ற சம்மதச் சொல்லும், ‘சிந்த் நவ்’ என்ற விலை கேட்கும் தொடரும் முதல் மாலைக்குப் போதும். வணங்கியபின் உடல்நலம், குடும்பநலம் ஆகியவற்றை விசாரிப்பது அங்கு வழக்கம். அதைத் தாண்டி விலைக்குப் பாய்வது அநாகரிகமாகக் கொள்ளப்படும்.

இந்தியருக்கு அந்நாட்டில் ஒரு தனி நல்லெண்ணமும் உண்டு. பேரரசர் ஹைலே செலாசி ஆட்சிக்காலத்தில் இந்தியாவிலிருந்து சென்ற ஆசிரியர்கள் அந்நாட்டுப் பள்ளிகளில் பெருமளவில் கற்பித்தனர். இன்று முதியவர்களாக உள்ள எத்தியோப்பியருள் பலர் இந்திய ஆசிரியரிடம் கணக்கோ அறிவியலோ கற்றவர்கள். அந்த ஆசிரியர்கள் ஈட்டிய மதிப்பைப் பின்னால் வரும் ஒவ்வொரு பயணியும் செலவழிக்கவும் முடியும், பெருக்கவும் முடியும். அங்குள்ள தொழிலாளரிடம் குரலை உயர்த்தாமல் பேசுவதும், ‘எங்கள் ஊரில் இப்படிச் செய்யமாட்டோம்’ என்று தொடங்காமல் இருப்பதும் அம்மதிப்பைக் காக்கும் வழிகள்.

உணவும் வழிபாடும்

டெஃப் என்னும் சிறுதானிய மாவைச் சில நாள் புளிக்கவைத்து வார்க்கும் இஞ்செரா அந்நாட்டின் முதன்மை உணவு. பெரிய தட்டில் அதை விரித்து, மேலே பலவகைக் குழம்புகளை வைத்து, பலர் சுற்றி அமர்ந்து வலக்கையால் எடுத்து உண்பர். விருந்தளிப்பவர் தம் கையாலேயே ஒரு கவளத்தைச் சுருட்டி விருந்தினரின் வாயில் ஊட்டுவதற்குக் ‘குர்ஷா’ என்று பெயர்; அது அன்பின் வெளிப்பாடு, அதை மறுப்பது மனத்தை வருத்தும்.

மரக்கறி உண்போருக்கு அந்நகரம் அரிய வாய்ப்பளிக்கிறது. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் புதன், வெள்ளிக் கிழமைகளிலும், ஈஸ்டருக்கு முந்தைய ஐம்பத்தைந்து நாட்களிலும், மேலும் பல நோன்பு நாட்களிலும் இறைச்சி, பால், முட்டை ஆகியவற்றை விலக்குகின்றனர். ஆகவே ‘யெட்ஸோம்’ உணவு, அதாவது நோன்பு உணவு, என்று கேட்டால் பருப்பு, கடலைமாவுக் குழம்பு, கீரை ஆகியவை நிறைந்த தட்டு கிடைக்கும்.

இத்தோல் வட்டாரத்தினருள் பெரும்பகுதியினர் முஸ்லிம்கள் என்பதால் மற்றொரு செய்தியும் அறியத்தக்கது. எத்தியோப்பியாவில் கிறித்தவர் அறுத்த இறைச்சியை முஸ்லிம்களும், முஸ்லிம்கள் அறுத்ததைக் கிறித்தவரும் பெரும்பாலும் உண்பதில்லை. இறைச்சிக் கடைகளும் உணவகங்களும் இவ்வேறுபாட்டைச் சிலுவை, பிறை போன்ற அடையாளங்களால் காட்டுகின்றன. எனவே ஹலால் உணவைக் கேட்டுப் பெறுவதில் கூச்சம் தேவையில்லை. அக்கேள்வி அங்கு இயல்பானது. தொழுகைத் திசையிலும் கவனம் வேண்டும். ஆம்பூரில் மேற்கு நோக்கியே தொழுது பழகியவர், மக்காவுக்கு ஏறத்தாழ நேர் தெற்கே அமைந்த அடிஸ் அபாபாவில் வடக்கு நோக்கி நிற்க வேண்டும். நபிகளின் தோழர்களுக்கு அடைக்கலம் தந்த நஜ்ஜாஷி மன்னரின் நாடு என்று சிறுவயதிலிருந்தே கேள்விப்பட்ட மண்ணில் முதல் மஃக்ரிப் தொழுகையை நிறைவேற்றுவது பலருக்கும் நெகிழ்ச்சியான நிகழ்வு; அதற்கென நேரத்தை ஒதுக்கிவைத்தல் பயணத் திட்டத்தின் பகுதியாகட்டும்.

எம்மதத்தவராயினும், அரைத்த பச்சை மாட்டிறைச்சியால் ஆன கித்ஃபோ போன்ற உணவை முதல் மாலை தவிர்ப்பதும், மூடி முத்திரையிட்ட புட்டி நீரையே பருகுவதும் வயிற்றுக்கு நன்று. காப்பி பிறந்த நாட்டில் காப்பிச் சடங்குக்கு அழைப்பு வந்தால் அதை ஏற்க வேண்டும். பச்சைக் கொட்டையை எதிரிலேயே வறுத்து, இடித்து, ஜெபெனா எனப்படும் மண்கலத்தில் காய்ச்சி, அபோல், தோனா, பெரெக்கா என மூன்று சுற்றுகளாக வழங்குவர். முதல் சுற்றோடு எழுந்துவிடுவது முறையன்று. இருப்பினும் உயரத்தால் ஏற்கெனவே உறக்கம் கெடக்கூடிய முதல் இரவில், சிறிதளவே பருகி, உரையாடலுக்காக மட்டும் அமர்ந்திருக்கலாம்.

அன்று பார்க்கக்கூடாத தோல்

விருந்தோம்பும் வணிகர் சிலர், வந்திறங்கியவரின் அறைக்கே மாதிரித் தோல்களைக் கொண்டுவந்து விரித்து விலை பேச விரும்புவர். அதில் தவறான நோக்கம் இருக்க வேண்டியதில்லை, ஆர்வமே காரணமாகலாம். ஆயினும் அன்று தோலைத் தரம் பிரிக்க ஒப்புக்கொள்ளலாகாது. தோலின் தரம் பகல் வெளிச்சத்தில், இயன்றவரை வடக்குப் பக்கத்து வெளிச்சத்தில் பார்க்கப்பட வேண்டியது என்பது இத்தொழிலின் அடிப்படை. அந்நகரில் ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணியை ஒட்டியே வெளிச்சம் மங்கத் தொடங்கிவிடும். விடுதி அறையின் மஞ்சள் விளக்கில் மேற்பரப்பின் குறைகள் மறைந்துவிடும். எத்தியோப்பிய ஆட்டுத்தோலில் பரவலாகக் காணப்படும் குறை, ‘எக்கெக்’ எனப்படும் நோய்த் தடம். பேன், உண்ணி, சிரங்குப் பூச்சி ஆகியவற்றால் கால்நடை உயிரோடிருக்கும்போதே தோலில் விழும் இச்சிறு புள்ளிகள், முடித்த தோலில்தான் தெளிவாக வெளிப்படும். உரிக்கும்போது விழும் கத்தி வெட்டுகளும் மங்கிய ஒளியில் கைக்கு மட்டுமே தட்டுப்படும். களைத்த கண்ணாலும் குறைந்த ஒளியாலும் பார்த்துக் கொடுத்த ஒரு சொல்லை மறுநாள் காலையில் திருத்த முற்படுவது, விலையை விடப் பெரிதான நம்பிக்கையைக் குலைக்கும்.

அழைத்தவரின் மனம் கோணாமல் மறுப்பதற்கும் வழியுண்டு. தோலை வாங்கி, தடவிப் பார்த்து, பாராட்டி, “நாளை காலை உங்கள் இடத்திலேயே வெளிச்சத்தில் பார்ப்போம்” என்று சொன்னால், அதைத் தொழில் அறிந்தவரின் சொல்லாகவே அவர் மதிப்பார். தொழில்நுட்பராகச் செல்பவரும் அவ்வாறே, டேனரியின் குறைகளைப் பற்றிய தீர்ப்பை முதல் மாலை விருந்தில் கூறாதிருத்தல் நன்று. கழிவுநீர் பற்றிய பேச்சு எழுந்தால், பாலாற்றின் துயரையும், 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் அளித்த தீர்ப்பையும், அதன்பின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெற்ற முக்கியத்துவத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தன் ஊர் பட்ட பாட்டை நேர்மையோடு கூறும் நிபுணரின் ஆலோசனையே மோஜோவின் ஆற்றுக்கும் உதவக்கூடியது.

வட்டாரம் செய்யவேண்டியது

உறங்கும் முன் கால் மணி நேரம் ஒதுக்கி, மறுநாள் சந்திப்புகளின் நேரத்தை இரு மணிக் கணக்கிலும் எழுதுதல், செலவான பிரைக் குறித்தல், கடவுச்சீட்டின் நகலை வேறு பையில் வைத்தல், இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண்ணைத் தாளில் பதித்தல் ஆகியவற்றோடு முதல் மாலையின் கடமைகள் முடிகின்றன. தனியே செல்லும் பெண்கள் அறை எண்ணையும் மறுநாள் செல்லும் இடத்தையும் ஊரிலுள்ள ஒருவருக்கும் அலுவலகத்துக்கும் தெரிவித்துவிடுவது நிறுவனத்தின் விதியாகவே இருக்க வேண்டும். அப்பொறுப்பை அவர்கள் மீது மட்டும் சுமத்துவது நியாயமாகாது.

இவ்வறிவு இன்று வட்டாரத்தில் சிதறிக் கிடக்கிறது. மூத்த தொழில்நுட்பர் ஒருவரின் நினைவிலும், ஏற்றுமதி நிறுவன மேலாளரின் பேச்சிலும், டீக்கடை உரையாடலிலும் அது வாழ்கிறது. உறவோ பழக்கமோ உள்ள இளைஞருக்குக் கிடைக்கிறது, முதல் தலைமுறையாகக் கடவுச்சீட்டு எடுக்கும் தொழிலாளியின் மகளுக்குக் கிடைப்பதில்லை. அந்நியரின் முதல் மாலை எத்தகையது என்பதை இப்பகுதி அறியாததன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள மொழிப் பலகைகள் தொங்குவதும், காட்பாடிச் சந்திப்பில் இறங்கும் நோயாளியின் குடும்பத்துக்கு வங்காளி உணவும் அறையும் கிடைப்பதும், வருவோரின் தேவையை அறிந்து ஊர் தன்னை மாற்றிக்கொண்டதற்குச் சான்று. வருபவருக்காக இவ்வளவு கற்ற ஊர், புறப்படுபவருக்காகவும் கற்க வேண்டும். தோல் பயிற்சி நிறுவனங்களும் ஏற்றுமதியாளர் அமைப்புகளும், வெளிநாடு செல்லும் ஒவ்வொருவருக்கும் தடுப்பூசி, விசா, மணிக் கணக்கு, பெயர் மரபு, உணவு, பண மாற்று ஆகியவற்றைத் தமிழிலும் உருதுவிலும் கற்பிக்கும் ஒரு நாள் வகுப்பை நடத்துவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. சென்று திரும்பிய ஒவ்வொருவரும் தாம் கற்றதை அவ்வகுப்பில் வந்து சேர்த்தால், அடுத்துச் செல்பவர் தம் முதல் மாலையைத் தடுமாற்றத்தில் கழிக்காமல், மறுநாள் காலை வெளிச்சத்தில் தெளிந்த கண்ணோடு தோலைக் கையிலெடுக்க முடியும்.